பார்வையைப் பறிக்கும் அரவம்

முதுகில் இரு கோடுகளுடைய பாம்பும் குட்டை வால் பாம்பும் பார்வையைப் போக்கும், கருவைச் சிதைக்கும் என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. பார்வை எவ்வாறு போகிறது? ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் முஸ்லிம் விரிவுரையில் இரு விளக்கங்கள் தருகிறார்கள். அப்பாம்பின் நோக்கே கண்ணொளியை அழிக்கும் என்பது ஒன்று. அது கண்ணைக் குறிவைத்துத் தீண்டும் என்பது மற்றொன்று. முந்தியதையே வலுவானதென்றார்கள். இதைக் கொண்டு இன்றைய மருத்துவத்தை நிறுவ நாம் முனையவில்லை. அத்தகைய முயற்சிகள் நபிமொழிக்கும் மருத்துவத்திற்கும் பெருமை சேர்ப்பதில்லை.

அரவ நஞ்சு பற்றிய ஆய்வு அப்பாசியர் காலத்தில் தனித் துறையாகவே வளர்ந்தது. 'சானக்' என்னும் இந்தியர் பெயரால் வழங்கிய நச்சு நூல் பாரசீகத்தின் வழியே அரபிக்குச் சென்றது. பின்னர் 1199இல், சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சராயிருந்த காழி அல்ஃபாழிலுக்காக யூத மருத்துவர் மூஸா இப்னு மைமூன் அரபியில் ஒரு நூல் இயற்றினார். மருத்துவரை அடையுமுன் செய்ய வேண்டுவன யாவை என்பதே அதன் கவலை.

அக்கவலை இன்றும் பொருந்தும். நல்ல பாம்பு, கட்டு விரியன் ஆகியவற்றின் நஞ்சு, நரம்பு தசைக்கு இடும் கட்டளையைத் தடுக்கிறது. பெரும்பாலும் முதலில் தளர்வது மேலிமை. அடுத்துப் பொருள்கள் இரண்டாகத் தெரியும். கண் அசைவற்று நிற்கும். தொண்டையும் மூச்சும் பின்தொடரும். கட்டு விரியன் இரவில், தரையில் உறங்குவோரைத் தீண்டும். வலியோ பல்தடமோ பெரிதாக இராது. சொக்கும் இமையை உறக்கக் கலக்கமென்று வீட்டார் எண்ணிவிடின் உயிரே போகும். முழுதும் செயலிழந்தவர் பிணம்போல் கிடப்பினும் உள்ளே நினைவு இருக்கக் கூடும். கண்ணாடி விரியனின் வழி வேறு: அது குருதி உறைதலைக் கெடுப்பதால் கண்ணுள்ளும் இரத்தம் கசியலாம்.

இவற்றுக்கான மாற்று மருந்தின் மூலப்பொருள் நமக்கு அண்மையிலேயே கிடைக்கிறது. படூரிலிருந்து கேளம்பாக்கம் வழியே, தமீமுல் அன்சாரி (ரலி) பெயரால் விளங்கும் தர்கா அமைந்த கோவளத்தை அடைந்து தெற்கே சென்றால் வடநெம்மேலி. பாம்புத் தோல் வாணிபம் தடையானபின் பிழைப்பிழந்த இருளர்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாது நஞ்செடுக்கலாயினர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து மருந்து பிரிக்கின்றனர். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோர்க்கு 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது. மிகத் தாமதமான மரியாதை என்போம்.

ஆயினும், கட்டு விரியன் நஞ்சு நரம்பு நுனியைச் சிதைத்தபின் அம்மருந்து அதனை மீட்பதில்லை. நுனி மீண்டும் வளரும்வரை செயற்கைச் சுவாசமே உயிரைத் தாங்க வேண்டும். இமைகள் திறக்கச் சில நாட்கள் ஆகும்.