திரைப்போரும் பகுத்துண்ணலும்

கூடி உழைத்தோர் கூடி உண்பது மனித இனத்தின் மிகப் பழைய அறங்களுள் ஒன்று. கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ள தஞ்சோங் டாவாய் ஒரு மீனவர் ஊர். மலேசியக் கடலோரங்களில் மீனவரிடையே ஒரு பங்கு முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மீன் விற்ற பணத்தில் படகுக்கு இன்ன பங்கு, வலைக்கு இன்ன பங்கு, ஆளுக்கு இன்ன பங்கு என்று பிரித்துக் கொள்வர். பங்கு பிழைத்தால் மறுநாள் வலை இழுக்க ஆள் வராது.

இந்த அறத்துக்கும் நாணயத்தை விழுங்கும் வீடியோ விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. நண்பர்கள் தோளொடு தோள் நின்று, ஒரே திரையில், அரக்கரையும் மாயாவிகளையும் எதிர்த்து முன்னேறிச் செல்லும் கூட்டுப்போர் விளையாட்டுகளின் வரலாறு, உற்று நோக்கினால் பங்கீட்டின் வரலாறாகவே விளங்குகிறது.

தொடக்கத்தில் வீடியோ விளையாட்டு கூட்டுறவை அறியாது. 1972-இல் வெளிவந்த 'பாங்' இருவரை எதிரெதிரே நிறுத்தியது. 1978-இல் ஜப்பானிலிருந்து வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஒருவர் ஆடி முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்கச் செய்தது. பகைமை அல்லது தனிமை. இவ்விரண்டே அன்று பெரும்பாலும் காணப்பட்ட வழிகள். இளைஞர்கள் கெட்டுப் போகிறார்கள் என்ற அச்சமும் அன்றே எழுந்தது. பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் அரசு 1981-இல் இவ்விளையாட்டுகளுக்குத் தடையே விதித்தது.

கூட்டுறவின் வித்து வேறோரிடத்தில் இருந்தது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை வெளியிட்டனர். அதில் வீரன், மந்திரவாதி முதலிய பலரும் ஒரு குழுவாகப் புறப்பட்டு இடர்களைக் கடப்பர். ஒருவன் வல்லமை மற்றவனுக்கு இராது. ஆகவே ஒருவன் இன்றி மற்றவன் இல்லை. இக்கருத்தை நாணயப் பொறிக்குள் கொண்டுவந்தது 1985-இல் வெளிவந்த 'கான்ட்லெட்'. அட்டாரி கேம்ஸ் நிறுவனத்தில் எட் லாக் வடிவமைத்த அப்பொறியின் முன் நால்வர் ஒருங்கே நின்று ஆடலாம். ஆடுவோரின் உயிராற்றல் நொடிதோறும் குறைந்து கொண்டே வரும். இடையிடையே கிடைக்கும் உணவு அதனை மீட்கும். குறி தவறிய ஓர் அம்பு உணவையே அழித்துவிடவும் கூடும். உயிர் குன்றியவன் உண்ணட்டும் என்று மற்றவர் விலகி நின்றால்தான் குழு பிழைக்கும். தேவைக்கேற்ற பங்கு என்னும் முதற்பாடம் இதுவாகும்.

பொறியை ஆக்கியோர் அறம் கற்பிக்க முனைந்தனர் என்று கொள்வதற்கில்லை. நால்வர் நின்றால் நால்வரின் நாணயமும் விழும் என்பது வணிகக் கணக்கு. எனினும் வணிகம் நட்ட மரத்தில் நட்பும் கூடு கட்டியது.

திரை பக்கவாட்டில் நகர, வீரன் கைகலந்து முன்னேறும் அமைப்பு 1984-இல் 'குங்பூ மாஸ்டர்' விளையாட்டில் உருப்பெற்றது. 1987-இல் யோஷிஹிசா கிஷிமோட்டோ உருவாக்கிய 'டபுள் டிராகன்' அதனை இருவர் ஒருங்கே ஆடும் விளையாட்டாக்கியது. ஆனால் அதன் முடிவு வியப்புக்குரியது. இருவரும் இறுதிவரை பிழைத்திருந்தால், மீட்கப்பட்ட பெண்ணுக்காக அவ்விருவரும் தமக்குள்ளேயே போரிட வேண்டும். பகிர முடியாத பரிசு ஒன்றை நடுவில் வைத்தவுடன் கூட்டுறவு குலைந்து போவதை அவ்விளையாட்டு ஒளிவின்றிக் காட்டியது.

1989-இல் செகா நிறுவனத்தின் மக்கோட்டோ உச்சிடா உருவாக்கிய 'கோல்டன் ஆக்ஸ்' இவ்வகையைப் பழங்கதை உலகுக்குள் அழைத்துச் சென்றது. வாள் வீரன், வீராங்கனை, கோடரி ஏந்திய குள்ளன் ஆகிய மூவருள் இருவர் புறப்பட்டு 'டெத் ஆடர்' என்னும் கொடியவனை எதிர்ப்பர். மூட்டை சுமந்து ஓடும் சிறு திருடர்களை உதைத்தால் மந்திரக் குப்பிகள் சிதறும். முந்தியவர் எடுத்துக் கொள்ளலாம். ஆயினும் குள்ளனின் மந்திரம் சிறிது. வீராங்கனையின் மந்திரமோ குப்பிகள் பெருகப் பெருக வளர்ந்து, முடிவில் தீ உமிழும் பறவை நாகத்தையே வரவழைக்கும். எனவே குப்பிகளைச் சமமாகப் பிரிப்பதினும் அவளிடமே சேர்ப்பது இருவருக்கும் நன்று. திறனுக்கேற்ற பங்கு என்னும் இரண்டாம் பாடம் இது. ஒருவர் வீசும் வாள் நண்பரையும் தாக்கும் என்பதால் பொறுமையும் வேண்டப்பட்டது.

மூன்றாம் பாடம் 1991-இல் வந்தது. கேப்காம் நிறுவனத்தின் 'நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட்', ஆர்தர், லான்சலாட், பெர்சிவல் ஆகிய மூவரைப் போர்க்களத்தில் இறக்கியது. அதில் கிடைக்கும் உணவையும் புதையலையும் ஆயுதத்தால் தட்டினால் அவை சிறு துண்டுகளாகப் பிரியும். மூவரும் ஆளுக்கொன்றாக எடுத்துக் கொள்ளலாம். வெட்டுவதற்கென்று ஏந்திய வாள் பகுப்பதற்கும் பயன்பட்டது. பகுத்துண்ணலை அறங்களின் உச்சியில் வைத்த வள்ளுவரின் வழிவந்த மாணவர், இக்காட்சியின் பொருளை எளிதில் உணர்வர்.

பின்னர் கேப்காம் 1993-இல் 'டவர் ஆஃப் டூம்', 1996-இல் 'ஷேடோ ஓவர் மிஸ்டாரா' ஆகிய விளையாட்டுகளின் வழியாக 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உலகையே நால்வர் பொறியாக்கியது. எவ்வழிச் செல்வது என்பதையும் ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததால், உணவுப் பங்கீட்டோடு முடிவெடுக்கும் பங்கும் சேர்ந்தது.

வீட்டுக் கருவிகள் பெருகப் பெருக நாணயக் கூடங்கள் தளர்ந்தன. ஆயினும் இவ்வகை மறையவில்லை. 2008-இல் 'கேசில் கிராஷர்ஸ்' நான்கு குதிரை வீரர்களோடு வந்தது. இளவரசியை மீட்டபின் நண்பர்களே மோதிக் கொள்ளும் பழைய சோதனை அதிலும் உண்டு. ஆனால் வீழ்ந்த தோழனின் மார்பை அழுத்தி அவனை உயிர்ப்பிக்கும் வழியும் உண்டு. 'டவர் ஆஃப் டூம்' ஆக்கத்தில் பங்கு கொண்டிருந்த ஜார்ஜ் கமிடானி, 2013-இல் 'டிராகன்ஸ் கிரவுன்' என்னும் விளையாட்டை உருவாக்கி இம்மரபைத் தொடர்ந்தார்.

வீழ்ந்தவன் எழுவது தமிழர்க்குப் புதிதன்று. சடுகுடுவில் ஆட்டமிழந்து வெளியே நிற்பவன், தன் அணியினர் எதிரணியில் ஒருவனை வீழ்த்தியவுடன் உயிர் பெற்று உள்ளே வருகிறான். தோழர் முயற்சியே அவனுக்கு உயிர். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுகளில் இடம்பெற்ற அவ்வாட்டத்தின் உயிர்நிலையும் கூட்டுறவே. நாணயக் கூடத்திலோ வீழ்ந்தவனை எழுப்பியது அவனது பணப்பை. தோழனின் கை எழுப்புவதாக அது மாறியபோது, திரைப்போர் சடுகுடுவுக்கு ஒருபடி நெருங்கி வந்தது எனலாம்.

ஆகவே வீடியோ விளையாட்டு முழுவதையும் நன்றென்றோ தீதென்றோ ஒரு சொல்லால் முடித்துவிடுதல் பொருந்தாது. காலத்தை விழுங்கும் இயல்பு அதற்கு உண்டு, மறுக்க வேண்டுவதில்லை. எத்தனை நேரம் ஆடினாய் என்று மாணவனைக் கேட்கும் ஆசிரியர், கிடைத்த உணவை யாருக்குக் கொடுத்தாய் என்றும் கேட்டுப் பார்க்கலாம். பொறி உணவைத் தரையில் வைப்பதோடு நின்றுவிடுகிறது. அதனை எடுப்பதா, பகுப்பதா, தளர்ந்தவனுக்கு விட்டு விலகுவதா என்பதைக் கைப்பிடியைப் பற்றியிருக்கும் சிறுவனே முடிவு செய்கிறான்.