நிலக்கரி தேடும் துறையும் ஏற்காட்டுக் கல்லறையும்

ஏற்காடு என்றதும் ஏரியும் காப்பித் தோட்டமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் தமிழ்நாட்டின் வரலாற்றைப் பல லட்சம் ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோன ஒருவரின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851ல் தொடங்கப்பட்டதே முக்கியமாக நிலக்கரி தேடத்தான். 1858ல், 24 வயதில் அதில் வேலைக்குச் சேர்ந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்ணில் பட்டது நிலக்கரி அல்ல, ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே. அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அவை சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011ல் வெளியான ஆய்வு சொன்னது.

ஃபூட்டின் மாமனாரும் நமக்குத் தெரிந்தவர்தான். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் உதவியோடு பைபிளைத் தமிழாக்கி, தமிழ்ப் பழமொழிகளையும் தொகுத்த பேர்சிவல் பாதிரியார் அவர். அவர் 1882ல் காலமானதும் ஏற்காட்டில்தான்.

முதுமையில் ஃபூட்டும் ஏற்காட்டிலேயே குடியிருந்தார். தான் சேகரித்த கற்கருவிகளை 1904ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1912ல் கல்கத்தாவில் இறந்தபோதும் அவரது அஸ்தி ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கே வந்து சேர்ந்தது.

அடுத்த முறை ஏற்காடு போனால், படகுச் சவாரி முடிந்ததும் அந்தத் தேவாலயத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.