சார்ட்டர் பள்ளிக்கு முதல்வர் வந்த வழி

அமெரிக்காவில் அரசுப் பணத்தைப் பெற்று, ஒப்பந்தத்தின் பேரில் தனிக் குழுக்கள் நடத்துபவை சார்ட்டர் பள்ளிகள். இன்று அவற்றின் முகமாக நிற்பவர் முதல்வர். தொடக்கத்தில் அப்படி இல்லை. ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் 1988இல் இந்த யோசனையை நாடறியப் பேசியபோது, சில ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தங்கள் பொறுப்பில் பள்ளி நடத்துவதையே மனத்தில் வைத்திருந்தார். 1991இல் மினசோட்டா இயற்றிய முதல் சட்டமும் நிர்வாகக் குழுவில் ஆசிரியர்களுக்கே பெரும்பான்மை கொடுத்தது. முதல்வரை நடுவில் கொண்டுவந்து அமர்த்தியதில், ஏறத்தாழ பத்தாண்டு கழித்து வந்த பயிற்சித் திட்டங்களுக்குச் சட்டத்தைவிடப் பெரிய பங்கு உண்டு என்பேன்.

கிப் என்ற சார்ட்டர் பள்ளிகளின் கதை இதற்குச் சான்று. 1994இல் மைக் ஃபைன்பர்க், டேவ் லெவின் என்ற இரு இளம் ஆசிரியர்கள் ஹூஸ்டனில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முயற்சி அது. மறு ஆண்டே ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் பிராங்க்ஸிலும் இரண்டு பள்ளிகளாக வளர்ந்தது. கேப் ஆயத்த ஆடை நிறுவனத்தைத் தொடங்கிய டான், டோரிஸ் ஃபிஷர் தம்பதி 2000இல் 1.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் முதலில் உருவாக்கப்பட்டது கட்டடம் அல்ல, பள்ளி தொடங்கக்கூடிய ஆட்கள். தேர்வானவருக்குச் சம்பளத்துடன் ஓராண்டுப் பயிற்சி. கோடையில் பெர்க்லியின் ஹாஸ் வணிகவியல் பள்ளியில் வகுப்பு. அடுத்து, நன்றாக நடக்கும் பள்ளிகளில் தங்கி வேலை பழகுதல். பிறகு இடம் பிடித்து, ஆசிரியர்களை அமர்த்தி, பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளைகளைச் சேர்த்தல். கல்வியியல் துறையை விட்டு வணிகவியல் பள்ளியை நாடியதிலேயே, முதல்வரை ஒரு நிறுவனத் தலைவராகப் பார்த்தது தெரிகிறது. அதே ஆண்டு உருவான நியூ லீடர்ஸ் அமைப்பும், புதியவர்களை அனுபவமுள்ள முதல்வர் ஒருவரின் பக்கத்தில் ஓராண்டு வேலை பழக்கியது.

சார்ட்டர் பள்ளிக்குப் பெரும்பாலும் பள்ளி மாவட்ட அலுவலகத்தின் துணை இல்லை. வாடகை, காப்பீடு, மதிய உணவு, தணிக்கை, பல இடங்களில் பேருந்தும் அதன் தலையிலேயே விழும். பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாமல் எப்படி நடக்கும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, பாடம் நன்றாக நடந்தும் கணக்கு சரியில்லாமல் மூடப்பட்ட பள்ளிகள் உண்டு. ஆனால் இந்தத் திறமைகள் பள்ளிக்குத் தேவை என்பதால், அவை எல்லாம் ஒரே ஆளிடம் குவிய வேண்டும் என்று ஆகிவிடாது. மினசோட்டாவில் 1994இல் திறந்த நியூ கன்ட்ரி பள்ளியில் முதல்வரே கிடையாது. எட்விஷன்ஸ் என்ற கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்களான ஆசிரியர்களே வரவு செலவையும் ஆள் எடுப்பதையும் கூடி முடிவு செய்தார்கள். சிறிய பள்ளி, சிற்றூர், அதனால் முடிந்தது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய ஊர்களில் இந்த வழிக்கு அதே அளவு பணமும் பொறுமையும் கொடுத்துப் பார்க்கவில்லை. கொடையாளர்கள் வேகமாகப் பல ஊர்களுக்குப் பரவ விரும்பினார்கள். ஒருவரைப் பொறுக்கி எடுத்து ஓராண்டில் பழக்கி அனுப்பிவிடலாம். பத்து ஆசிரியர்கள் சேர்ந்து பணத்துக்கும் பொறுப்பேற்கப் பழகுவது அப்படி ஓராண்டில் முடிகிற வேலையல்ல.