நியூசிலாந்துத் தமிழ் மணி: அடையாளமும் அதன் எல்லையும்

முன்னுரை

நியூசிலாந்தின் வடதீவில் மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திவந்த வெண்கலக் கலம் ஒன்றைச் சமயப் பணியாளர் வில்லியம் கொலென்சோ 1836 அளவில் கண்டார். புயலில் சாய்ந்த பெருமரம் ஒன்றின் வேரடியில் அது கிடைத்ததாக அவர்கள் கூறினர். கொலென்சோ இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றார். இன்று வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ள இப்பொருள் ‘தமிழ் மணி’ எனப்படுகிறது. பண்டைத் தமிழர் நியூசிலாந்தை அடைந்தனர் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுவதும் உண்டு. இம்மணி எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர் தரும் சான்று

கலத்தின் பயன்பாடு அதன் அடையாளத்தை மறைத்திருந்தது. எழுத்தே அதனை வெளிப்படுத்தியது. விளிம்பைச் சுற்றியுள்ள தமிழ் வாசகம், முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி எனப் பொருள்படுகிறது. பொருளின் வகை, உரிமையாளர், மொழி ஆகிய மூன்றும் ஒரே வரியால் தெளிவாகின்றன.

உரிமையாளர் பெயர் காலத்தைக் கணிக்கவும் உதவுகிறது. முகையதீன் என்பது 1166இல் மறைந்த பாக்தாது ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் சிறப்புப் பெயர். பக்சு என்பது கொடை எனப் பொருள்படும் பாரசீகச் சொல். ஆகவே, ‘முகையதீனின் கொடை’ என்ற இப்பெயர் 12ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. மணியைச் சங்க காலத்தோடோ, 1025இல் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்போடோ இணைப்பதற்கு இடமில்லை. தமிழ் முசுலிம் கடல் வணிகரின் மரபுக்கே இது உரியது.

எழுத்து தரும் சான்று

எழுத்துகளின் பழைய வடிவத்தைக் கொண்டு மணிக்கு ஏறத்தாழ 500 ஆண்டுப் பழமை கூறப்படுகிறது. இக்கணிப்பை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். ஓலைச்சுவடிகளில் புள்ளியின்றி எழுதுவதும், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைக் காட்டாமல் விடுவதும் 18ஆம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்தன. அச்சு பரவிய பின்னரே எழுத்து வடிவங்கள் பெரிதும் நிலைபெற்றன. எனவே, இன்றைய கண்ணுக்குப் பழமையாகத் தோன்றும் எழுத்து, நூற்றாண்டு ஒன்றை உறுதிப்படுத்தப் போதுமானதன்று.

கிடைத்த இடம்

வேரடியில் கிடைத்தது என்பது வாய்மொழிச் செய்தி. முறையான அகழாய்வில் மண்ணடுக்கும் உடன்கிடைத்த பொருள்களும் காலத்தை வரையறுக்கும். இங்கு அவ்விரண்டும் இல்லை. மேலும், மணி கைமாறும் தன்மையது. கப்பல் விற்கப்படலாம், உடைந்த கப்பலின் உலோகம் வேறு மாலுமிகளிடம் சேரலாம். சோழமண்டலக் கரையின் மரக்காயர் வணிகம் அச்சே, கெடா, மலாக்கா வரை பரந்திருந்தது. அவ்வழியில் ஐரோப்பியரும் இயங்கினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்கும் கப்பல்கள் சென்றன. ஆதலின், மணி சென்ற இடத்துக்கு அதன் உரிமையாளரும் சென்றார் என்று கொள்ள வேண்டியதில்லை.

முடிவுரை

இம்மணி தமிழ் முசுலிம் ஒருவரின் கப்பலுக்கு உரியது என்பது உறுதி. தமிழர் நியூசிலாந்தைக் கண்டறிந்தனர் என்பது இதனால் உறுதிப்படவில்லை. நிறுவப்பட்ட உண்மையே சிறப்புடையது: தமிழ் முசுலிம் வணிகர் தம் கப்பலின் உரிமையைத் தமிழிலேயே பொறித்தனர். நிறுவப்படாத பயணத்தின் மீது கவனம் குவிவதால், கடல் வணிக வரலாற்றில் அவர்கள் பெற்றிருந்த இடம் மறைந்துவிடலாகாது.