பூநகரி நெல் இறங்கிய துறை

போன ஆவணியில், கனடாவிலிருந்து வந்த தங்கையின் மகனை ஏற்றிக்கொண்டு பண்ணையிலிருந்து கடற்கரை வீதியால் காரில் வந்தோம். குருநகரும் பாசையூரும் கழிந்து ஊர்ப் பெயர்ப்பலகையைக் கண்டதும் பிள்ளை கேட்டான்: "பெரியம்மா, இதுவும் கொழும்போ?"

"இல்லை ராசா, கொழும்புத்துறை. உங்கட அம்மம்மாவின்ர ஊர்."

இறங்குதுறையில் நின்றோம். கடல் வற்றிக் கிடந்தது. தூரத்தில் ஒருவர் நெஞ்சளவு தண்ணீரில் வலையை இழுத்துக்கொண்டு நடந்தார். "கடலுக்குள்ள நடக்கலாமோ?" என்று அவன் வியந்தான். எங்கள் கடல்நீரேரி அப்படித்தான். பெரும்பாலான இடங்களில் இரண்டு ஆள் உயரம்கூடத் தண்ணீர் இல்லை. பெரிய கப்பலுக்கு இங்கே வேலையில்லை. வள்ளத்துக்கும் தோணிக்கும் உரிய துறை இது.

அந்த வள்ளங்களில் வந்தது நெல். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் செழிக்கும். ஆனால் குடாநாட்டுச் சனத்துக்குப் போதுமான நெல் இங்கே விளைவதில்லை. நீரேரிக்கு அந்தப் பக்கம் பூநகரி. அங்கே மழையை மட்டும் நம்பி விளையும் மொட்டைக்கறுப்பன், சிவத்த அரிசி. வீடு இங்கே, வயல் அங்கே என்று வாழ்ந்த குடும்பங்கள் பல. எங்களுடையதும் ஒன்று. தரைவழியென்றால் சாவகச்சேரி, ஆனையிறவு என்று மாட்டுவண்டிலில் பெருஞ்சுற்று. 1905இல் ரயில் பாதை முழுமையாகி யாழ்ப்பாணம் கொழும்போடு இணைந்தபோதும், அது பரந்தன் வழியே போனதால் பூநகரி ஒதுங்கியே கிடந்தது. ஆகவே வள்ளம் ஓய்வு பெறவில்லை.

என் ஆச்சி சிறுமியாக அந்த நெல் மூட்டைகளின் மேல் இருந்து வந்தவ. தை, மாசியில் அறுவடை முடிய, வாடை தணியும் நாள் பார்த்துப் புறப்படுவார்களாம். காற்று விழுந்துவிட்டால் பாய் சுருட்டி, மரக்கோலைச் சேற்றில் ஊன்றித் தாங்க வேண்டும். கோலை இழுத்தெடுக்கும்போது வரும் கறுத்த சேற்றின் மணம், புது நெல்லின் மணம், இரண்டும் சேர்ந்ததுதான் தனக்குக் கொழும்புத்துறை என்று ஆச்சி சொல்லுவா. துறையில் ஆட்களுக்குக் கூலியும் நெல்தான். பித்தளைக் கொத்தால் அளந்து கொடுத்தார்கள்.

இந்த ஊரை உலகம் அறிந்தது இன்னொருவரால். சந்தியில் இலுப்பை மரத்தின் கீழ் ஆண்டுக்கணக்காக இருந்து, பிறகு இங்கேயே ஒரு குடிலில் வாழ்ந்த யோகர் சுவாமி. துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைகளுக்குக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். அவர் 1964 மார்ச்சில் சமாதியடைந்தார். அவரை 1949இல் வந்து கண்ட அமெரிக்க இளைஞர் ஒருவர் பின்னாளில் ஹவாய்த் தீவில் சைவ மடம் நிறுவினார். நெல்லுக்காக மட்டும் இந்தத் துறைக்குச் சனம் வரவில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லுவா.

போர் எங்கள் கடலைப் பூட்டியது. 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது, நாங்களும் நடந்தோம். 2000 மேயில் சண்டை அரியாலை, கொழும்புத்துறைப் பக்கம் வந்தபோது ஊர் மறுபடியும் வெறுமையானது. பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டியில் முன்பு மிதவைப் பாதை ஓடிய இடத்தில் 2011 ஜனவரியில் பாலம் திறந்தார்கள். இப்போது பூநகரி அரிசி லொறியில் வருகிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு வள்ளமாவது அந்தப் பக்கம் போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பாசையூரில் வாங்கிய நண்டோடு வீடு திரும்பினோம். நாளாந்தச் சமையலுக்கு அம்மா சுண்டால்தான் அளப்பா. அன்று பேரன் வந்திருந்தபடியால் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து கொத்தை எடுத்தா. 1995இல் நாவற்குழிப் பாலத்தில் சனநெரிசலுக்குள் கீழே விழுந்து விளிம்பு நசிந்த கொத்து. பேரன் அதை வாங்கி, நசிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். "நிரப்படா, தலை தட்டிப் போடு" என்றா அம்மா.