ஓஸ்லோ அறிக்கை

ஓஸ்லோ அறிக்கை என்பது இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் ஜெர்மனியின் இரகசிய ஆயுத ஆராய்ச்சிகளைப் பற்றிப் பிரிட்டனுக்குக் கிடைத்த ஆவணமாகும். 1939 நவம்பரில் நோர்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்திற்குப் பெயர் குறிப்பிடாத ஒருவர் இதை அனுப்பினார். எழுதியவர் ஹான்ஸ் ஃபெர்டினாண்ட் மையர் என்னும் ஜெர்மானிய இயற்பியலாளர் என்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகே உலகிற்குத் தெரிந்தது.

எழுதியவர்

மையர் 1895ஆம் ஆண்டு பிறந்தவர். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற பிலிப் லெனார்டிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். அந்த லெனார்ட் பின்னாளில் நாஜிக் கட்சியின் தீவிர ஆதரவாளரானார். மாணவரோ நேர் எதிர்த்திசையில் சென்றார். மின்சுற்றுப் பாடத்தில் மாணவர்கள் இன்று படிக்கும் நார்ட்டன் தேற்றத்தின் கருத்தை 1926இல் மையரும் தனியாகக் கண்டறிந்து வெளியிட்டார். அதனால் சில நூல்களில் அது மையர்-நார்ட்டன் தேற்றம் எனப்படுகிறது. போர் தொடங்கியபோது அவர் பெர்லினில் சீமன்ஸ் நிறுவனத்தின் தகவல் தொடர்பு ஆய்வகத்திற்குத் தலைவராக இருந்தார். அந்தப் பதவியால் பல இராணுவ ஆராய்ச்சிகள் அவர் காதுக்கு எட்டின.

இரண்டு கடிதங்கள்

1939 செப்டம்பரில் ஹிட்லர் போலந்தின் மீது படையெடுத்தார். அடுத்த மாத இறுதியில் அலுவல் பயணமாக ஓஸ்லோ சென்ற மையர், பிரிஸ்டல் விடுதியில் தங்கினார். விடுதி ஊழியரிடம் தட்டச்சு இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கி, நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் கடிதங்களைத் தயாரித்தார்.

முதல் கடிதம் ஒரு கேள்வி மட்டுமே. தகவல் தேவையென்றால் பி.பி.சி.யின் ஜெர்மன் மொழி ஒலிபரப்பின் தொடக்க வாசகத்தைச் சற்று மாற்றிச் சொல்லும்படி அது கேட்டது. அவ்வாறே மாற்றப்பட்டது. பிறகு அறிக்கையும் ஒரு சிறு பொதியும் தூதரகத்திற்கு வந்து சேர்ந்தன. பொதிக்குள் இருந்தது ஒரு கண்ணாடி வெற்றிடக் குழல். இலக்கைத் தொடாமலேயே அதன் அருகில் சென்றதும் குண்டை வெடிக்கச் செய்யும் 'அண்மை உருகி'க்காக உருவாக்கப்பட்ட சோதனைக் குழல் அது.

அறிக்கையில் இருந்தவை

சில பக்கங்களே கொண்ட அறிக்கையில் பல துறைச் செய்திகள் இருந்தன. அவற்றுள் முக்கியமானவை:

- பால்டிக் கடற்கரையில் உள்ள பீனமுண்டேயில் ஆயுதச் சோதனைக் களம் இயங்குவது
- தொலைவிலிருந்து இயக்கும் மிதவை விமானங்களும் ராக்கெட்டுகளும் உருவாக்கப்படுவது
- வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனைத் தாக்க வந்த பிரிட்டிஷ் விமானங்களை 120 கிலோமீட்டர் தொலைவிலேயே ரேடார் கண்டுபிடித்தது
- சுமார் 50 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் இன்னொரு ரேடார் தயாராவது
- விமானம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை வானொலி அலைகளால் அளக்கும் முறை
- ஒலியைப் பின்தொடரும் டார்பிடோக்கள்

எல்லாமே சரியாக இருக்கவில்லை. யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானங்களின் உற்பத்தி பல மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருந்தது. கீல் துறைமுகத்தில் கட்டப்பட்ட விமானம் தாங்கிக் கப்பலின் பெயரும் தவறாக இருந்தது. மையர் நேரில் அறிந்த மின்னணுவியல் செய்திகள் துல்லியமாகவும், பிறர் சொல்லக் கேட்டவை பிழையோடும் அமைந்தன.

இலண்டனில் எழுந்த ஐயம்

ஒரே மனிதருக்கு இத்தனை துறைகளின் இரகசியம் எப்படித் தெரியும் என்று கடற்படைத் தலைமையகத்தார் ஐயுற்றனர். பிரிட்டனைத் திசைதிருப்ப ஜெர்மனி விரித்த வலை என்று எண்ணி அறிக்கையை ஒதுக்கிவிட்டனர். 28 வயது இயற்பியலாளர் ஆர். வி. ஜோன்ஸ் மட்டும் அதைப் பாதுகாத்து வைத்தார். விமானப்படை உளவுப் பிரிவில் அப்போதுதான் அறிவியல் ஆய்வுக்கென அமர்த்தப்பட்டிருந்தவர் அவர். அவர் வைத்த வாதம் எளியது: கூடவே வந்த குழல் உண்மையானது, தரமானது, ஏமாற்ற நினைப்பவன் தன் உண்மையான தொழில்நுட்பத்தை எதிரியின் கையில் கொடுப்பானா?

அறிக்கையின் பயன்

அடுத்தடுத்த நிகழ்வுகள் ஜோன்ஸின் கணிப்பை மெய்ப்பித்தன. 1940 இறுதியில் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டிய 'ஒய்' கருவி, அறிக்கை விளக்கியிருந்த தொலைவு அளக்கும் முறையிலேயே இயங்கியது. ஆகவே பிரிட்டனால் அதை விரைவில் குழப்ப முடிந்தது. 1942 பிப்ரவரியில் பிரான்சின் புருனவால் கடற்கரையில் வான்குடை வீரர்கள் இறங்கிக் கைப்பற்றிய வூர்ட்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளம் 53 சென்டிமீட்டர்.

பீனமுண்டேயைப் பற்றி வேறு வழிகளிலும் செய்திகள் வந்து, வான்வழிப் படங்களும் கிடைத்தபின், 1943 ஆகஸ்ட் 17 இரவில் ஏறத்தாழ 600 விமானங்கள் அதைத் தாக்கின. இதனால் வி-2 ராக்கெட் திட்டம் தாமதமானதே தவிர நின்றுவிடவில்லை. 1944 செப்டம்பரில் அந்த ராக்கெட்டுகள் இலண்டன் மீது விழத் தொடங்கின.

மையரின் பிற்கால வாழ்க்கை

1943இல் கெஸ்டாபோ மையரைக் கைது செய்தது. பி.பி.சி. ஒலிபரப்பைக் கேட்டதும் ஆட்சியைக் குறைகூறியதும் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள். ஓஸ்லோ கடிதத்தைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது; தெரிந்திருந்தால் மரண தண்டனை உறுதி. டாக்காவ் உள்ளிட்ட வதை முகாம்களில் அடைபட்டும் அவர் உயிர் தப்பினார். போருக்குப் பின் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1950இல் மீண்டும் சீமன்ஸ் நிறுவனத்திற்குத் திரும்பினார். 1980இல் காலமானார்.

எழுதியவர் யார் என்பதை 1950களில் அறிந்துகொண்ட ஜோன்ஸ், 1989இல் வெளியிட்ட நூலில்தான் அதை வெளிப்படுத்தினார். மையர் தம் செயலுக்காகப் பணமோ புகழோ பெறவில்லை. அவர் தன் நாட்டுக்குத் துரோகம் செய்தாரா, அந்த நாட்டைப் பிடித்திருந்த கொடுங்கோன்மையை எதிர்த்தாரா என்பது ஜெர்மனியில் பலரையும் எதிர்கொண்ட கேள்வி. வதை முகாம்களின் வரலாற்றை அறிந்த பின்னர் அதற்கு விடை காண்பது கடினமன்று. 1939இல், பாதுகாப்பான பதவியில் இருந்துகொண்டே அந்த விடையைத் தேர்ந்தெடுத்ததுதான் கடினம்.