கருவண்டும் வரிவண்டும்

கனடாவின் புல்வெளி மாகாணங்களில் மே மாதம் கடுகினப் பயிரான கனோலா முளைத்ததும் உழவர்கள் குனிந்து வித்திலைகளைப் பார்ப்பார்கள். குண்டூசியால் குத்தியதுபோல் துளைகள் தெரிந்தால், தெள்ளு வண்டு இறங்கிவிட்டது. அல்பர்ட்டா, சஸ்காட்செவன், மானிட்டோபா மூன்றிலும் இச்சேதத்துக்கு முதன்மைக் காரணம் ஃபில்லோட்ரெட்டா பேரினத்தின் இரண்டு இனங்கள்: குருசிஃபெரே, ஸ்ட்ரியோலேட்டா. முன்னதைக் கருவண்டு என்றும் பின்னதை வரிவண்டு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

இரண்டும் யூரேசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்தேறியவை. நீளம் 2 முதல் 3 மி.மீ. தடித்த பின்தொடைக்குள் சுருள்வில் போன்ற உறுப்பு உண்டு. அதன் விசையால்தான் தொட்டவுடன் தெறித்து ஓடுகின்றன. பனிக்காலத்தை மரவரிசைகளின் சருகுக்கடியில் கழிக்கின்றன. கடுகுக்குக் காரம் தரும் அதே நெடிதான் இரண்டையும் பயிருக்கு இழுக்கிறது. கோடையின் தொடக்கத்தில் மண்ணில் முட்டையிடுகின்றன. புழுக்கள் வேர்த்தூவிகளைத் தின்று வளர்கின்றன. ஆண்டுக்கு ஒரே தலைமுறை.

இவ்வளவு ஒத்திருப்பதால் இரண்டையும் ஒரே பூச்சியாக எண்ணிவிடுகிறோம். பார்வைக்குள்ள வேறுபாடு எளிது: கருவண்டின் முதுகு நீலம் மின்னும் முழுக்கருப்பு, வரிவண்டின் கருப்பு முதுகில் இரண்டு மஞ்சள் பட்டைகள் வளைந்தோடும். வயலில் கணக்கைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு.

ஒன்று, காலம். இளவேனிலில் வரிவண்டு கருவண்டை முந்திக்கொண்டு வெளிவருகிறது. ஆகவே, முளைப்பு தொடங்கும் நாளிலேயே வயலோரத்தில் பசியோடு காத்திருக்கக்கூடியது அதுதான்.

மற்றொன்று, நஞ்சு. இன்று கனோலா விதை பெரும்பாலும் நியோநிகோட்டினாய்டு மருந்தால் நேர்த்தி செய்யப்பட்டே மண்ணுக்குள் போகிறது. அந்த நாற்றைத் தின்ற கருவண்டுகள் அதிகம் மடிவதையும், வரிவண்டுகள் அதிகம் பிழைப்பதையும் 2008-இல் வெளியான கனடிய ஆய்வு காட்டியது. ஒரே மருந்து ஓர் இனத்தை அடக்கி, மற்றதற்கு இடம் விட்டுவிடக்கூடும். வடக்குப் பகுதிகளில் வரிவண்டு மிகுந்திருப்பதை எண்ணும்போது இது சிறிய செய்தியல்ல.

வரிவண்டுக்கு இன்னொரு வலிமையும் உண்டு. கடுகினச் செடிகளின் காரப்பொருளைத் தன் உடலில் சேர்த்துவைத்து, அதை நஞ்சாக்கும் நொதியையும் தானே உண்டாக்குகிறது. இதை 2014-இல் அறிவியலாளர்கள் வெளிப்படுத்தினர். செடியின் படைக்கலம் வண்டின் கைக்கு மாறிவிட்டது.

இலைப்பரப்பில் 25 விழுக்காடு சேதமானால் மருந்து தெளிப்பது என்பது அங்கே பொது விதி. வெயில் காய்ந்து காற்று ஓய்ந்த நாளில் அந்த அளவை எட்ட நெடுநேரம் ஆகாது. ஆகவே வண்டின் முதுகைப் பார்க்க வேண்டும். பட்டை தெரிந்தால், நேர்த்தி செய்த விதைதானே என்ற நம்பிக்கையில் வீட்டில் இருக்கக் கூடாது. முதல் முளை தெரிந்த நாளிலிருந்தே தினமும் வயலுக்குப் போக வேண்டும்.